ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கின் குட்டி விமானத் திடல்: பனிச்சறுக்குக்கும் வெந்நீர்க் குளியலுக்கும் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்க அல்லது வெந்நீர்க் குளியலுக்குப் போகிறவர்கள், பள்ளத்தாக்கின் நடுவே ஒரு சின்ன ஓடுபாதையையும் அதன் ஓரத்தில் வரிசையாக நிற்கும் நாலைந்து விமானங்களையும் பார்த்திருப்பார்கள். ‘அதில் நாமும் ஏறலாமா?’ என்ற ஆசை வரும். கூடவே பல கேள்விகளும் வரும். அப்படி வரும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். மலைத் திடல்களின் மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டு, அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

இது விமான நிலையமா, வேறு ஏதாவதா?

பயணிகள் விமானம் வந்துபோகும் இடம் அல்ல. ஒரே ஓடுபாதை, சில இடங்களில் அது வெறும் புல்தரை. விமானங்களை நிறுத்திவைக்கும் கொட்டகையான ஒரு ஹேங்கர், ஒரு பெட்ரோல் பம்ப், காற்றின் திசையைக் காட்ட ஆரஞ்சு நிறத்தில் ஆடும் ஒரு காற்றுப்பை, பெரும்பாலும் ஒரு காபிக் கடை. பல திடல்களை உள்ளூர்ப் பறத்தல் சங்கங்களே நடத்துகின்றன. சொந்த மகிழ்ச்சிக்காகப் பறப்பவர்கள், பயிற்சி பெறுபவர்கள், எஞ்சின் இல்லாத கிளைடர் விமானத்தை ஓட்டுபவர்கள், சுற்றிப்பார்க்க வருபவர்கள் ஆகியோர்தான் இங்கே புழங்குவார்கள்.

எல்லாம் ஒரே அளவு இல்லை. ஆஸ்திரியாவின் செல் ஆம் சே திடல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரத்தில், அதே பெயருள்ள ஏரிக்கரை ஊருக்கும் கப்ரூனுக்கும் நடுவே இருக்கிறது. கப்ரூனில் ஸ்பாவும் உண்டு, 3,203 மீட்டர் உயரமுள்ள கிட்ஸ்ஸ்டைன்ஹார்ன் பனிமலையும் உண்டு. சுவிட்சர்லாந்தின் சமேடன் 1,707 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தனியார் ஜெட் விமானங்களும் இறங்கும், கிளைடர்களும் பறக்கும். பிரான்சில் கூர்ஷெவெல், மெரிபெல், மெஜேவ், ஆல்ப் துவேஸ் ஆகிய பனிச்சறுக்கு ஊர்களில் இருப்பவை இன்னொரு வகை: மலைச்சரிவின் மேலேயே போட்ட ஓடுபாதைகள். அவற்றை ஆல்டிபோர்ட் என்பார்கள்.

இவை ஏன் ஸ்பாவுக்கும் பனிச்சறுக்குக்கும் பக்கத்திலேயே இருக்கின்றன?

மலைநாட்டில் சமதளம் என்றால் பள்ளத்தாக்கின் அடித்தளம்தான். ஊர், சாலை, ரயில், வயல் எல்லாம் அங்கேதான். ஓடுபாதைக்கும் அதை விட்டால் இடம் இல்லை. கனிம ஊற்றுகளும் பெரும்பாலும் பள்ளத்தாக்குகளை ஒட்டியே வெளிவருகின்றன, ஊற்றைத் தேடி வந்தவர்களால் ஊர் வளர்ந்தது. சமேடனுக்குப் பக்கத்து ஊரான செயின்ட் மோரிட்ஸில் உள்ள ஊற்றைச் சுற்றி வெண்கலக் காலத்து மக்கள் மரத்தால் தொட்டி கட்டியிருக்கிறார்கள். அந்த மரத்தின் வளையங்களை ஆராய்ந்து கி.மு. 1411 என்று காலம் கணித்திருக்கிறார்கள். அதே ஊரில்தான் 1928, 1948 ஆகிய ஆண்டுகளின் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. ஊற்று, பனி, விமானம் மூன்றும் ஒரே பள்ளத்தாக்கில் சேர்ந்தது இப்படித்தான்.

மலையில் விமானம் இறக்கும் கலைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1952 மே மாதம் சுவிஸ் விமானி ஹெர்மன் கைகர், சக்கரமும் பனிக்கட்டையும் (பனியில் சறுக்கும் ஸ்கீ) சேர்த்துப் பொருத்திய ஒரு சிறு விமானத்தைக் காண்டர் பனியாற்றின் மேல் இறக்கினார். அதற்குப் பிறகு மலையில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கும் வேலையில் அந்த முறை பெரிதும் உதவியது. 1960 ஜூனில் பிரெஞ்சு விமானி ஆன்ரி ஜிரோ, மோன் பிளான் உச்சியிலேயே இறங்கிக் காட்டினார். ஆல்ப் துவேஸ் திடலுக்கு இன்று அவர் பெயர்தான்.

கூர்ஷெவெல் ஓடுபாதை ஏன் சறுக்குமரம் போலச் சரிந்திருக்கிறது?

அதன் நீளம் 537 மீட்டர்தான். சரிவு மிக அதிகமாக உள்ள இடத்தில் 18.5 சதவீதத்தைத் தாண்டும்: நூறு மீட்டர் போனால் பதினெட்டரை மீட்டருக்கு மேல் ஏற்றம். இந்தச் சரிவு விமானிக்கு உதவத்தான் இருக்கிறது. இறங்கும்போது ஏற்றத்தில் ஏறுவதால் வேகம் தானே குறைகிறது. கிளம்பும்போது இறக்கத்தில் ஓடுவதால் வேகம் சீக்கிரம் கூடுகிறது. ஆகவே காற்று எந்தப் பக்கம் வீசினாலும் இறங்குவது மேல்நோக்கி, கிளம்புவது கீழ்நோக்கி. பின்காற்று பலமாக இருந்தால் பறக்காமல் இருக்க வேண்டியதுதான்.

இதில் கண்ணை ஏமாற்றும் ஒரு விஷயம் இருக்கிறது. ஏற்றமான ஓடுபாதையை எதிரே பார்க்கும் விமானிக்குத் தான் அதிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். அதை நம்பி உயரத்தைக் குறைத்தால், உண்மையில் தேவையை விடத் தாழ்ந்து வருவார். சமதளத்தில் ஆயிரம் முறை இறக்கிய கைக்கும் இது புதிய பாடம். அதோடு பாதையின் முடிவில் மலை நிற்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் ‘வேண்டாம், மறுபடி சுற்றி வருவோம்’ என்று எழும்ப முடியாது. அதனால்தான் பிரான்சின் ஆல்டிபோர்ட்களில் இறங்க மலைத் தகுதியோ அந்தக் குறிப்பிட்ட திடலுக்கான அனுமதியோ வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். சாதாரண உரிமம் போதாது.

வெயில் பளிச்சென்று அடிக்கிறது. பிறகு ஏன் ‘மத்தியானம் வேண்டாம், காலையில் வாருங்கள்’ என்கிறார்கள்?

என்னைக் கேட்டால், மலைத் திடலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். நல்ல வெயில் என்றால் நல்ல பறத்தல் என்று நாம் நினைக்கிறோம். கோடையில் விமானிக்கு நடுப்பகல் வெயிலே பெரிய கவலை.

உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. வெப்பம் கூடினால் அதே காற்று இன்னும் மெலிகிறது. இரண்டும் சேரும்போது, விமானம் தரையில் நின்றுகொண்டிருந்தாலும் அதன் இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அது இன்னும் உயரமான ஓர் இடத்தில் இருப்பது போலத்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சமேடன் சுமார் 5,600 அடியில் இருக்கிறது. விமானிகளின் கணக்கில் அந்த உயரத்துக்கு இயல்பானதாக வைத்துக்கொள்ளும் வெப்பநிலை ஏறக்குறைய 4 டிகிரி. ஒரு கோடை மதியம் 25 டிகிரி அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 21 டிகிரி கூடுதல். ஒவ்வொரு கூடுதல் டிகிரிக்கும் சுமார் 120 அடி சேர்க்க வேண்டும் என்பது விமானிகள் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு. சேர்த்தால் 8,100 அடிக்கு மேல் வரும், அதாவது ஏறக்குறைய 2,500 மீட்டர். ஓடுபாதை 1,700 மீட்டரில் இருக்கிறது, விமானமோ 2,500 மீட்டரில் இருப்பது போல நடந்துகொள்கிறது.

பாதிப்பு மூன்று விதத்தில் வரும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும், ஆகவே இங்கே கால்வாசி போய்விட்டது. புரொப்பெல்லருக்குத் தள்ள அடர்த்தியான காற்று இல்லை. இறக்கை தூக்குவதற்கும் கூடுதல் வேகம் வேண்டும். பறத்தல் சங்கங்களில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய செஸ்னா 172 வகை விமானத்துக்கு, கடல்மட்டத்தில் தேவைப்படும் ஓட்டத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓட்டம் வேண்டியிருக்கும். எழும்பிய பிறகும் ஏறும் வேகம் பாதிக்குப் பக்கத்தில்தான். எதிரே மலை.

காலை ஏழு மணிக்கு 8 டிகிரி குளிரில் இதே விமானம் வேறு விமானமாக இருக்கும். அதனால் ‘காலையில் வாருங்கள்’ என்று சொன்னால், சலுகை மறுக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு நல்ல விமானத்தைத் தருகிறார்கள்.

காற்றுப்பை அசையவே இல்லை, ஆனாலும் ‘காற்று சரியில்லை’ என்கிறார்கள். எப்படி?

காற்றுப்பை தரையில் இருக்கிறது. பிரச்சினை முகட்டில் இருக்கலாம்.

மலைக் காற்றுக்குத் தினசரி ஒரு நடைமுறை உண்டு. பகலில் சரிவுகள் சூடாகி, காற்று பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி ஏறும். இரவில் குளிர்ந்து கீழே வழியும். முற்பகல் தாண்டியதும் மேல்நோக்கிய காற்று வலுப்பட ஆரம்பிக்கும். இதற்கு ஒரு விதிவிலக்கும் இருக்கிறது, சமேடன்காரர்கள் அதை நன்றாக அறிவார்கள். சமேடன் இருக்கும் எங்காடின் பள்ளத்தாக்கில் மலோயா கணவாயிலிருந்து பகலில் கீழ்நோக்கி வீசும் காற்று. அதற்கு மலோயா காற்று என்றே பெயர். ஏரிகளில் பாய் கட்டிய காற்றுப்பலகை ஓட்டுபவர்களுக்கு அது வரம். சிறிய விமானத்தில் இறங்குபவர் அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

அப்புறம் ஃபோன் (Föhn) என்ற மலைக்காற்று. மலையின் ஒரு பக்கம் ஏறும் ஈரக்காற்று அங்கேயே மழையாகவும் பனியாகவும் கொட்டிவிட்டு, மறுபக்கம் வறண்டு இறங்குகிறது. இறங்கும்போது ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒரு டிகிரி சூடாகும். இந்தப் பக்கம் நீலவானம், வெதுவெதுப்பு, தெளிவான மலைகள், புகைப்படத்துக்கு ஏற்ற நாள். அந்தத் தெளிவான காற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத சுழல்கள் புரண்டுகொண்டிருக்கும். முகட்டுக்கு மேல் மீன் வடிவத்தில், நகராமல் நிற்கும் வழவழப்பான மேகங்களைப் பார்த்தால் மேலே காற்று அலை அலையாகப் போகிறது என்று அர்த்தம். அனுபவமுள்ள கிளைடர் விமானிகள் அந்த அலையில் ஏறி வெகு உயரம் போவார்கள். சின்ன விமானத்தில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சுற்றிக்காட்டும் விமானி அன்று ஹேங்கர் கதவைச் சாத்துவார். இரண்டுமே சரியான முடிவுதான்.

நான்கு இருக்கை இருக்கிறது. நாங்கள் நான்கு பேர், கூடவே இரண்டு ஜோடி பனிக்கட்டை. ஏன் முடியாது?

செஸ்னா 172 ஐயே எடுத்துக்கொள்வோம். கிளம்பும்போது அதிகபட்ச எடை 1,157 கிலோ. வெறும் விமானம் மட்டும் 750 கிலோவைத் தாண்டும். மீதி சுமார் 390 கிலோ. டாங்க் நிறைய எரிபொருள் போட்டால் அதில் 145 கிலோ போய்விடும். எஞ்சியது 245 கிலோ. குளிர்கால உடுப்போடு மூன்று பெரியவர்கள் ஏறினால் கணக்கு முடிந்தது. மலையில், மெலிந்த காற்றில், இந்த அதிகபட்சத்தையும் ஏற்றாமல் குறைப்பதுதான் வழக்கம். எரிபொருளைக் குறைத்து ஆளை ஏற்றலாம், ஆனால் மலையைச் சுற்றித் திரும்பி வரவும், வழி மூடினால் வேறு திடலுக்குப் போகவும் எரிபொருள் வேண்டும்.

எடையைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொல்பவர்கள் நிறைய. காலணி, கோட்டு, கேமரா எல்லாம் சேர்த்த எடைதான் விமானிக்கு வேண்டும்.

குளிர்காலத்தில் ஓடுபாதையை என்ன செய்வார்கள்?

இடத்துக்கு இடம் மாறும். தார்ப்பாதையானால் பனியை ஒதுக்கித் தள்ளுவார்கள். சில இடங்களில் பனிச்சறுக்குச் சரிவைச் சமன்செய்யும் அதே இயந்திரத்தால் பனியை அழுத்தி, பனிக்கட்டை பொருத்திய விமானங்கள் இறங்க விடுவார்கள். புல்தரைத் திடல்கள் பல, குளிர்காலம் முழுவதும் மூடியே இருக்கும். பனிக்கட்டையில் நிற்கும் விமானத்துக்கு பிரேக் கிடையாது, அதனால் எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் திருப்புவது என்பதை இறங்குவதற்கு முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

இறக்கையில் படியும் உறைபனியைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மணல்தாள் போல மெல்லிய ஒரு படலம் போதும், தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம். விமானி காலையில் அரைமணி நேரம் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தால் அவரை அவசரப்படுத்தாதீர்கள். எஞ்சினைச் சூடாக்கவும் நேரம் பிடிக்கும்.

மேகம் மூடிய நாளில் இன்னொரு தொல்லை. நிழல் இல்லாத வெண்மையில் மேடு எது, பள்ளம் எது என்று தெரியாது. சறுக்குபவர்களுக்கு இந்த மந்த வெளிச்சம் பழக்கம்தான், விழுந்தால் எழுந்துகொள்ளலாம். இறங்கும் விமானத்துக்குத் தரை எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போகும்.

கேபிள் கார்களும் லிஃப்ட் கம்பிகளும் ஆபத்து இல்லையா?

ஆபத்துதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தூரத்திலிருந்து கம்பி கண்ணுக்குத் தெரியாது. தெரிவது தூண்கள்தான். அதனால் தூணைத் தேடு, இரண்டு தூணுக்கு நடுவே கம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள், தூணின் உச்சிக்கு மேலேயே கடந்து போ என்று கற்றுக்கொடுப்பார்கள். பள்ளத்தாக்கின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகும் கம்பிகள் எல்லாவற்றையும் விட மோசம். அவை தரையிலிருந்து நூறு மீட்டருக்கு மேலும் தொங்கலாம்.

1998 பிப்ரவரி 3 அன்று இத்தாலியின் கவலேஸே என்ற பனிச்சறுக்கு ஊரில் அமெரிக்க மரைன் படையின் போர் விமானம் ஒன்று விதியை மீறித் தாழப் பறந்து கேபிளை அறுத்தது. பெட்டியில் இருந்த 20 பேரும் இறந்தார்கள். திடலிலிருந்து கிளம்பும் சுற்றிப்பார்க்கும் விமானங்கள் அந்த உயரத்துக்கு வரக் கூடாது. பொது விதியே தரையிலிருந்து குறைந்தது 500 அடி, ஊர்களுக்கு மேல் 1,000 அடி. மலையில் முகட்டைத் தாண்டும்போது அதற்கும் மேலே ஆயிரம் அடி இடைவெளி வைப்பார்கள். முகட்டை நேராக அணுகாமல் சாய்வாக, 45 டிகிரியில் அணுகுவதையும் கவனியுங்கள். கீழ்நோக்கிய காற்று பிடித்தால் சட்டென்று திரும்பிப் பள்ளத்தாக்குப் பக்கம் தப்பிக்கத்தான் அது.

வெந்நீர்க் குளியல் முடிந்த கையோடு பறக்கலாமா?

பயணியாக என்றால் ஓர் இடைவெளி விட்டுப் போங்கள். வெந்நீரிலும் சானாவிலும் ரத்தக்குழாய் விரிந்து ரத்த அழுத்தம் குறையும், வியர்த்து நீர் வற்றும். அந்த நிலையில் ஆடும் சிறு விமானத்தில் ஏறினால் தலைசுற்றலும் குமட்டலும் சுலபமாக வரும். ஒன்றிரண்டு மணி நேரம் ஆறி, நிறையத் தண்ணீர் குடித்து, லேசாக எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போனால் பெரும்பாலோருக்குச் சிரமம் இருக்காது. வரிசையை மாற்றினால் இன்னும் நல்லது: காலையில் பறந்துவிட்டு மாலையில் குளியல்.

சளி பிடித்திருந்தால் பறக்க வேண்டாம். ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போது காதுவலி துடிக்க வைத்துவிடும். குழந்தைகளுக்கு இறங்கும் நேரத்தில் குடிக்க ஏதாவது கொடுங்கள். இதயம், ரத்த அழுத்தம் தொடர்பாக மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

பறப்பவர் நீங்களே என்றால் விதி இன்னும் கடுமை. மது அருந்தி 8 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது பொதுவான குறைந்தபட்சம். பனிச்சறுக்கு ஊர்களின் மாலை நேரத்தை நினைத்தால் அந்த 8 மணி நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொள்வது நல்லது.

கிளைடரில் போகலாமா? எஞ்சின் இல்லையே!

தாராளமாகப் போகலாம். நான் முதலில் பரிந்துரைப்பதே கிளைடரைத்தான். ஒரு விமானம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மேலே விடும், அல்லது தரையில் இருக்கும் வின்ச் என்ற கயிறு சுற்றும் இயந்திரம் இழுத்துவிடும். கயிறு கழன்றதும் வரும் அமைதி, காற்றின் சீறல் மட்டும் கேட்கும் அந்த அமைதி, எஞ்சின் விமானத்தில் கிடைக்காது. வெயில் பட்ட பாறைச்சரிவில் எழும் சூடான காற்றில் வட்டமிட்டே ஏறுவார்கள். பக்கத்தில் ஒரு கழுகும் அதே காற்றில் ஏறிக்கொண்டிருக்கலாம்.

எஞ்சின் இல்லை என்றால் கல் மாதிரி விழுந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். காற்று அமைதியாக இருந்தால், பயிற்சி கிளைடர்கூட ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் மிதந்து போகும். வட்டமிடுவதால் சிலருக்கு வயிறு புரளும், முன்கூட்டியே சொல்லிவிட்டால் விமானி மெதுவாகச் சுற்றுவார்.

இங்கேயே பறக்கக் கற்றுக்கொள்ள முடியுமா?

ஒரு விடுமுறையில் முடியாது, தொடங்கலாம். ஐரோப்பிய விதிப்படி இலகு விமான உரிமத்துக்குக் குறைந்தது 30 மணி நேரப் பயிற்சி, முழுமையான தனியார் விமானி உரிமத்துக்கு 45 மணி நேரம், இரண்டுக்கும் வயது 17. கிளைடரில் 14 வயதிலேயே தனியாகப் பறக்கலாம், 16 வயதில் உரிமம். மலைத் தகுதி இவற்றுக்கு மேல் தனியாகப் பெற வேண்டியது. சக்கரத்துக்கு ஒன்று, பனிக்கட்டைக்கு ஒன்று.

மலையில் கற்றவருக்குக் காற்றைப் படிக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வந்துவிடும். ஆனால் காலநிலையால் வகுப்புகள் நிறைய தள்ளிப்போகும். பொறுமை இருப்பவர்களுக்கு ஏற்ற இடம்.

நண்பரிடம் உரிமம் இருக்கிறது. எங்களை அழைத்துப்போகிறேன் என்கிறார். செலவைப் பகிர்ந்துகொள்ளலாமா?

ஐரோப்பிய விதி அதை அனுமதிக்கிறது. விமானியையும் சேர்த்து ஆறு பேர் வரை, எரிபொருள், இறங்கும் கட்டணம், வாடகை போன்ற நேரடிச் செலவுகளைப் பகிர்ந்துகொள்ளலாம். விமானியும் தன் பங்கைத் தர வேண்டும், லாபம் பார்க்கக் கூடாது. கடந்த 90 நாளில் மூன்று முறையாவது அவர் ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பதும் விதி.

இவை தாளில் உள்ளவை. நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: ‘இந்தப் பள்ளத்தாக்கில் பறந்திருக்கிறாயா?’ சமவெளியில் 200 மணி நேரம் பறந்தவர், மலையில் முதல் நாள் ஒரு பயிற்றுநரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வருவதுதான் முறை. நல்ல விமானி இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். வருவதற்கு முன் திடலுக்குத் தொலைபேசியில் கேட்டு அனுமதி வாங்க வேண்டிய இடங்களும் நிறைய. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதால், எல்லை தாண்டிப் போகிறவர்கள் சுங்க நடைமுறையையும் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும்.

கட்டுப்பாட்டு டவர் இல்லாத திடலில் விமானங்கள் மோதிக்கொள்ளாதா?

எல்லோரும் ஒரே அலைவரிசையில் ‘நான் இங்கே இருக்கிறேன், இப்படி வருகிறேன்’ என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். திடலைச் சுற்றி வரும் வழி வரைபடத்தில் குறித்திருக்கும், எல்லோரும் அதே வழியில்தான் வர வேண்டும். ஆல்ப்ஸில் பறக்கும் கிளைடர்களிலும் சிறு விமானங்களிலும் ஃப்ளார்ம் என்ற மோதல் எச்சரிக்கைக் கருவி பரவலாக இருக்கிறது. 2004 இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த கருவி அது. ஆனாலும் முதன்மையான கருவி கண்தான். பயணியாக நீங்கள் இன்னொரு விமானத்தையோ பாராகிளைடரையோ பார்த்தால் தயங்காமல் விரலை நீட்டிக் காட்டுங்கள். விமானி நன்றி சொல்வார்.

ஓய்வுக்கு வந்த இடத்தில் இந்தச் சத்தம் எதற்கு?

நியாயமான கேள்வி. பள்ளத்தாக்குச் சுவர்களில் பட்டு எஞ்சின் சத்தம் பெரிதாகக் கேட்கும். குணமடைய வந்தவர்களுக்கு அது உண்மையான தொந்தரவு. பல திடல்கள் மதிய வேளையில் பறப்பதை நிறுத்துகின்றன, ஞாயிற்றுக்கிழமைகளில் குறைக்கின்றன, ஊருக்கும் மருத்துவமனைக்கும் மேலே போகாத வழியை விதிக்கின்றன. அந்த வழியை மீறும் விமானிகள்தான் திடலுக்கு முதல் எதிரிகள். ஒரு திடல் மூடப்படுவதற்கு ஊர்க்காரர்களின் பொறுமை தீர்வதே போதும்.

2020 ஜூனில் பிப்பிஸ்ட்ரெல் நிறுவனத்தின் வேலிஸ் எலக்ட்ரோ, ஐரோப்பாவில் முழுச் சான்று பெற்ற முதல் மின்சார விமானம் ஆனது. சத்தம் மிகக் குறைவு. பறக்கும் நேரம் ஒரு மணிக்கும் குறைவுதான். பயிற்சிச் சுற்றுகளுக்கு அது போதும், பெரும்பாலான சத்தம் அந்தச் சுற்றுகளில்தான் வருகிறது. மலைத் திடல்கள் இந்தப் பக்கம் சீக்கிரம் நகர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஓடுபாதையைக் குறுக்கே கடக்கலாமா? ட்ரோன் விடலாமா?

இரண்டும் வேண்டாம். பனி மூடியிருக்கும்போது ஓடுபாதை வெறும் வயல்வெளி போலத் தெரியும், சமதளப் பனியில் நீளச்சறுக்குப் போகிறவர்கள் தெரியாமல் நுழைந்துவிடுகிறார்கள். கிளைடர் சத்தமே இல்லாமல் வரும், மறுபடி எழும்பவும் அதனால் முடியாது. மீட்பு ஹெலிகாப்டர் எந்த நேரத்திலும் கிளம்பலாம், சமேடனில் ரேகா மீட்பு அமைப்பின் தளமே இருக்கிறது. திடலுக்குப் பக்கத்தில் ட்ரோன் விட அனுமதி வேண்டும், அனுமதி இல்லாமல் விட்டால் குற்றம்.

எந்த நாளுக்குப் பதிவு செய்வது? பறக்க முடியாமல் போனால்?

விடுமுறையின் கடைசி நாளுக்குப் பதிவு செய்யாதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு இது. ‘கடைசி நாள் சும்மா இருக்கிறோம், அன்றைக்குப் பறப்போம்’ என்று வைத்துக்கொள்கிறார்கள். அன்று ஃபோன் காற்று வீசினால் அவ்வளவுதான், தள்ளிப்போட நாளே இல்லை. விமானியை நச்சரிக்கவும் அப்போதுதான் தோன்றும். வந்த மறுநாளுக்கே கேளுங்கள். அன்று முடியாவிட்டால் அடுத்த நாள், அதுவும் இல்லாவிட்டால் அதற்கடுத்த நாள். காலநிலையால் ரத்தானால் பணம் என்ன ஆகும் என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கோடையில் எஞ்சின் விமானத்துக்குக் காலை எட்டு முதல் பத்து வரை கேளுங்கள். கிளைடருக்கு மட்டும் தலைகீழ்: வெயில் ஏறி மேல்நோக்கிய காற்று கிளம்ப வேண்டும், அதனால் பதினொரு மணிக்கு மேல். குளிர்காலத்தில் நடுப்பகலை ஒட்டிய நேரம் நல்லது, காலை உறைபனி விலகியிருக்கும். மூன்று மணிக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். வானம் வெளிச்சமாக இருந்தாலும் மலை நிழல் பள்ளத்தாக்கை அதற்குள் மூடிவிடும்.

மூன்று நாளும் முடியாமல் போய்விட்டால், பறக்காவிட்டாலும் ஒரு மாலை திடலின் காபிக் கடைக்குப் போய் உட்காருங்கள். கிளைடர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பும் நேரம். இறங்கியதைக் கையால் தள்ளிக்கொண்டு போக ஆள் தேவைப்படும், கேட்டுவிட்டு நீங்களும் ஓர் இறக்கை நுனியைப் பிடித்துக்கொள்ளலாம்.